வகுப்பில் தூங்கும் பிள்ளை: வீட்டுச் சூழலும் கட்டிளமைப் பருவத்தினரின் உளநிலையும்

சில வருடங்களுக்கு முன்னர் தரம் 10 வகுப்பொன்றுக்கு நான் வகுப்பாசிரியையாக இருந்தேன். அந்த வகுப்பில் ஒரு மாணவன் முதலாம் பாடவேளையிலேயே தூங்கிவிடுவான். முதலில் தட்டி எழுப்பினேன். பிறகு முகம் கழுவிவிட்டு வரச் சொன்னேன். மூன்றாவது வாரம் அவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். இரவிரவாக போனில் கேம் விளையாடுகிறான் என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் முடிவு செய்திருந்தோம். நானும் அதை நம்பினேன். பெற்றோரை அழைத்து வா என்று சொன்னதற்கு அவன் மூத்தம்மாவை அழைத்து வந்தான்.

அந்த முதியவர் சொன்னது இதுதான்: "டீச்சர், உம்மா ராவைக்குத்தான் கோல் எடுப்பா. அங்க மெடம் படுத்த பொறகுதான் அவக்கு போன் கையில கிடைக்கும். இவன் முழிச்சிருந்து கதைச்சிட்டுத்தான் படுப்பான். படு எண்டு சொன்னா கேக்குறானில்ல."

உம்மா சவூதியில் வீட்டு வேலை செய்கிறார். அங்கு இரவு பதினொன்றரை மணி என்றால் இங்கு அதிகாலை இரண்டு மணி. தாயின் குரலைக் கேட்பதற்காக விழித்திருந்த பிள்ளையைத்தான் நான் வெயிலில் நிற்க வைத்திருந்தேன். ஆசிரியர் கலாசாலையில் உளவியல் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தவள் நான். இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அந்த வெட்கமும் ஒரு காரணம். (பிள்ளைகளின் அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

கலாசாலையில் "பொருத்தப்பாடு" என்ற சொல்லை எங்களுக்குப் படிப்பித்தார்கள். ஒருவர் தன் தேவைகளையும் தான் வாழும் சூழல் தன்னிடம் கேட்பவற்றையும் ஓரளவு இணக்கமாகக் கொண்டு செல்வதற்குத்தான் அந்தப் பெயர். வீட்டில் ஒரு மாதிரியும் பாடசாலையில் ஒரு மாதிரியும் உடைந்துபோகாமல் இருப்பது, கோபம் வந்தால் அதைத் தாங்குவது, தோல்வி வந்தால் மறுபடி எழும்புவது, ஒரு நண்பனையாவது நம்புவது எல்லாம் இதற்குள் அடங்கும். கட்டிளமைப் பருவத்தில் இது இயல்பாகவே கடினம். அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹோல் 1904ஆம் ஆண்டிலேயே இந்தப் பருவத்தைப் புயலும் அலைக்கழிப்பும் நிறைந்த பருவம் என்று வர்ணித்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியில்லை என்று பின்னர் வந்தவர்கள் திருத்தினார்கள். என் அனுபவமும் திருத்தியவர்களின் பக்கம்தான். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் முப்பது பேர் பெரிய புயல் எதுவுமின்றிக் கடந்து போகிறார்கள்.

எரிக் எரிக்சன் இந்த வயதின் பிரதான வேலை "நான் யார்?" என்ற கேள்விக்கு விடை தேடுவது என்றார். மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, ஏறத்தாழ 12 முதல் 18 வயது வரையான ஐந்தாவது கட்டத்தை அடையாளத்துக்கும் வகிபாகக் குழப்பத்துக்கும் இடையிலான போராட்டமாக அவர் விளக்கினார். இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த காலத்தில் எனக்குத் தெரியாத ஒன்று உண்டு. எரிக்சன் தன்னைப் பெற்ற தகப்பனை அறியாமலே வளர்ந்தவர். வளர்ப்புத் தந்தையின் பெயரைச் சுமந்து, பெரியவரான பின்னர் தனக்கென ஒரு குடும்பப் பெயரைத் தானே வைத்துக்கொண்டவர். "நான் யார்?" என்ற கேள்வி அவருக்கு அவருடைய வீட்டுக்குள்ளிருந்தே வந்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கும் அது அங்கிருந்துதான் வருகிறது.

எங்கள் கிழக்குப் பகுதி வீடுகளை எடுத்துக்கொள்வோம். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது இங்கே எழுதப்படாத சட்டம். வீடில்லாமல் மாப்பிள்ளை இல்லை. கூலி வேலை செய்யும் வாப்பாவால் பத்து வருடத்திலும் ஒரு வீட்டைக் கட்டி முடிக்க முடியாது. ஆகவே உம்மா வெளிநாடு போகிறார், அல்லது வாப்பா போகிறார். மகளுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதாகும்போதுதான் இந்தப் பயணங்கள் அதிகம் நடக்கின்றன. ஏனென்றால் அப்போதுதான் காலம் நெருங்குகிறது என்ற பயம் வீட்டுக்குள் வருகிறது. மகளுக்காகப் போகிறோம் என்று நினைக்கிறார்கள். மகளுக்கு உம்மா மிகவும் தேவைப்படும் வருடங்களும் அவைதான்.

அந்த வீட்டில் ஒரு மகனும் இருந்தால் அவனுடைய கணக்கு வேறு. வாப்பாவின் உழைப்பு, உம்மாவின் உழைப்பு, விற்ற நகை எல்லாமே ராத்தாவின் வீட்டுக்குப் போகின்றன. "நீ ஆம்புளப் புள்ள, எப்படியும் பொழச்சிக்குவாய்" என்பதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்கிறான். படித்து என்ன செய்ய, ஓ.எல். முடிந்தால் கட்டாருக்குப் போவோம் என்று அவன் தரம் 9இலேயே முடிவெடுத்துவிடுகிறான். அதைச் சோம்பேறித்தனம் என்று நாங்கள் அறிக்கையில் எழுதுகிறோம்.

அரசாங்கமும் இதைப் பற்றி ஒரு காலத்தில் யோசித்தது. வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்லும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்றை 2013இல் கட்டாயமாக்கினார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்கு அனுமதி இல்லை என்றும், வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பார்க்கப் பொறுப்பான ஒருவரைக் காட்ட வேண்டும் என்றும் அது சொன்னது. பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் அந்த விதிகளைத் தளர்த்தினார்கள். பெண்களின் உழைக்கும் உரிமையை அது மட்டுப்படுத்துகிறது, தகப்பனிடம் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை என்று அப்போதே விமர்சனம் இருந்தது. அது நியாயமான விமர்சனம் என்றுதான் நானும் நினைக்கிறேன். நான் இங்கே கவனிப்பது வேறொன்றை. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தாய் வேண்டும் என்பது அந்தப் படிவத்துக்கு விளங்கியது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு பெயர் போதும் என்று அது நினைத்தது. மூத்தம்மா, சாச்சி, மாமி என்று யாராவது ஒருவரின் பெயர். எங்கள் சமூகமும் அப்படித்தான் நினைக்கிறது. "அவன் வளந்த புள்ளதானே" என்கிறோம்.

மூத்தம்மாமார் சோறு சமைத்துக் கொடுக்கிறார்கள், உடுப்புக் கழுவிக் கொடுக்கிறார்கள், தொழுதாயா என்று கேட்கிறார்கள். அவர்களின் சேவைக்கு அல்லாஹ்தான் கூலி கொடுக்க வேண்டும். ஆனால் அறுபத்தெட்டு வயதில் அழுத்தத்துக்கும் சீனிக்கும் மருந்து குடித்துக்கொண்டிருப்பவரால், பேரன் இரவில் யாரோடு வெளியே போகிறான், பேத்தியின் போனுக்கு யார் மெசேஜ் அனுப்புகிறார் என்று பார்க்க முடியாது. பார்த்தாலும் கண்டிக்கப் பயப்படுகிறார். கண்டித்தால் பிள்ளை உம்மாவிடம் முறையிடும், உம்மா அங்கிருந்து அழுவார். அழுகிற உம்மா அடுத்த மாதம் ஒரு போன் வாங்கப் பணம் அனுப்புவார். குற்ற உணர்ச்சியை ஈடுசெய்ய அனுப்பப்படும் பணம் எவ்வளவு என்பதை எங்கள் பாடசாலை வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களைப் பார்த்தால் ஓரளவு விளங்கும்.

வாப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருகிறார். போகும்போது பன்னிரண்டு வயதாக இருந்த மகனை அவர் மனதில் அப்படியே வைத்திருக்கிறார். வந்து பார்த்தால் மீசை அரும்பிய ஒருவன் நிற்கிறான். அவனுக்குச் சட்டம் போடத் தொடங்குகிறார். அவனுக்கு இவர் அரை விருந்தாளி. இரண்டு வருடமாக வீட்டுக்கு மின்கட்டணம் கட்டியது, தங்கையை மத்ரஸாவுக்குக் கூட்டிச் சென்றது, உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது எல்லாம் அவன். அந்த இரண்டு மாதத்தில் வகுப்பில் வரும் சண்டைகளுக்கும் காரணம் தேடினால் சில நேரம் அந்த லீவுதான் காரணமாக இருக்கும். வாப்பா திரும்பிப் போன பிறகு பிள்ளை இன்னும் சுருங்கிப்போவதையும் பார்த்திருக்கிறேன். சண்டை பிடிக்கவும் ஆள் வேண்டும்தானே.

இரு பெற்றோரும் ஊரில் இருந்தால் எல்லாம் சரி என்று இதற்குப் பொருளில்லை. ஒரே கூரையின் கீழ் ஒருவரோடொருவர் பேசாமல் மூன்று வருடம் வாழ்ந்த பெற்றோரின் மகள் ஒருத்தி எனக்கு மாணவியாக இருந்தாள். "உங்க வாப்பாட்டச் சொல்லு", "உங்க உம்மாட்டக் கேளு" என்று இருவருக்கும் இடையில் அவள்தான் செய்தி கொண்டு போனாள். காதி நீதிமன்றம் வரை போய்ப் பிரிந்த பிறகு, மாதாந்தத் தாபரிப்புப் பணத்தை வாப்பாவின் கடையில் போய்க் கேட்டு வாங்குவதும் அவளுடைய வேலையாயிற்று. சில மாதங்களில் வெறுங்கையோடு வருவாள். பணத்தை நேரடியாகத் தாயிடம் சேர்ப்பதற்கு எத்தனையோ வழிகள் இருக்கும்போது, பிள்ளையைக் கடன் வசூலிப்பவராக மாற்றுவது எந்த ஷரீஅத்திலும் இல்லை. பிரிவு பிள்ளையைப் பாதிக்கிறது என்பது உண்மை. பிரிவுக்கு முன்னரும் பின்னரும் நடக்கும் இந்த இழுபறி அதைவிட அதிகமாகப் பாதிக்கிறது என்பதுதான் நான் கண்டது.

வசதியான வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவர்கள் இதை வாசித்துவிட்டு "பாவம், ஏழைப் பிள்ளைகள்" என்று கடந்து போகக்கூடாது. உம்மா ஆசிரியை, வாப்பா அரச உத்தியோகத்தர். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டை மட்டும் சொல்லவில்லை. என் வீடும் அப்படித்தான். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் தொடங்குகிறது. பிறகு ஒன்பது ஏ. பாடசாலை விட்டதும் டியூஷன், டியூஷன் விட்டதும் இன்னொரு டியூஷன். சாச்சாவின் மகன் மெடிசின் போனான், பக்கத்து வீட்டுப் பிள்ளை எஞ்சினியரிங் போனாள் என்ற ஒப்பீடு சாப்பாட்டு மேசையில் தினமும் பரிமாறப்படுகிறது. உளவியலாளர் டயானா பௌம்ரிண்ட் 1960களில் பெற்றோரின் வளர்ப்பு முறைகளை வகைப்படுத்தினார். கட்டளை மட்டும் போடுவோர் ஒரு வகை. எதையும் கேட்காமல் விட்டுவிடுவோர் இன்னொரு வகை. எல்லையும் வைத்து, அந்த எல்லைக்குக் காரணமும் சொல்லி, பிள்ளை சொல்வதையும் கேட்போர் மூன்றாவது வகை. மூன்றாவது வகைப் பிள்ளைகளே பொதுவாக நன்கு பொருத்தப்பாடடைகிறார்கள் என்று அவரும் அவரைத் தொடர்ந்தவர்களும் கண்டார்கள். எங்களில் பலர் முதலாவது வகையைத்தான் மார்க்கம் என்றும் ஒழுக்கம் என்றும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சூரா யூசுப் எப்படி ஆரம்பிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பிள்ளை தான் கண்ட கனவைத் தகப்பனிடம் சொல்கிறது, தகப்பன் அதை அக்கறையோடு கேட்டு எச்சரிக்கையும் செய்கிறார். எங்கள் வீட்டில் கனவு கண்டேன் என்று ஒரு பிள்ளை வந்தால் "போய்ப் படி" என்போம். போன வாரம் நானும் என் மகனிடம் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னேன்.

இவையெல்லாம் வகுப்பறையில் எப்படித் தெரிகின்றன? ஆண்பிள்ளைகளிடம் பெரும்பாலும் வெளியே தெரியும். சண்டை, கட் அடித்தல், ஆசிரியரை எதிர்த்துப் பேசுதல், சிகரெட், அண்மைக் காலமாக அதைவிட மோசமான பொருட்கள். வெளியே தெரிவதால் தண்டனையாவது கிடைக்கிறது, தண்டனையோடு சேர்ந்து சில நேரம் கவனமும் கிடைக்கிறது. பெண்பிள்ளைகளின் கதை மறைவானது. அவர்கள் அமைதியாகிவிடுகிறார்கள். வயிற்று வலி, தலை வலி என்று அடிக்கடி வீட்டுக்குப் போகக் கேட்கிறார்கள். எழுத்து சிறிதாகிக்கொண்டே வருகிறது. இடைவேளையில் சாப்பிடுவதில்லை. நாங்கள் "நல்ல அடக்கமான பிள்ளை" என்று அறிக்கையில் எழுதுகிறோம். நான் மேலே சொன்ன தாபரிப்புப் பணம் வாங்கப் போகும் மாணவிக்கு நானே இரண்டு தவணைகள் அப்படி எழுதியிருக்கிறேன். மூன்றாம் தவணையில் அவள் கையில் இருந்த கீறல்களை இன்னொரு மாணவிதான் எனக்குச் சொன்னாள்.

உளப் பிரச்சினைகளில் பாதியளவு 14 வயதுக்குள் ஆரம்பித்துவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது தரம் 8, 9 வகுப்புகளில். எங்கள் கவனமோ தரம் 11இல் பரீட்சை நெருங்கும்போதுதான் விழிக்கிறது. அப்போதும் முதலில் போவது ஓதிப் பார்ப்பவரிடம். ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை, பிள்ளைக்காக துஆச் செய்யாத உம்மா யார்? ஆனால் ஆறு மாதம் தண்ணீர் ஓதிக் கொடுத்தும் தூங்காத பிள்ளையை வைத்தியரிடம் கொண்டுபோவதில் ஈமான் எதுவும் குறைந்துவிடாது. "விசர் ஆஸ்பத்திரிக்குப் போன புள்ள" என்று ஊர் சொல்லும், கலியாணம் பேச வராது என்ற பயமே பெற்றோரைத் தடுக்கிறது. அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் நாங்கள்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் அநியாயமாகிவிடும். "அந்த வீட்டுப் பிள்ளைதானே, அப்படித்தான் இருக்கும்" என்ற பேச்சு ஆசிரியர் அறைகளில் உண்டு. குடும்பப் பின்னணி என்ற சொல்லையே நாங்கள் ஒரு தீர்ப்பாகப் பயன்படுத்துகிறோம். ஹவாயில் காவாய் என்றொரு தீவு இருக்கிறது. அங்கே 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வேர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல தசாப்தங்களாகத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வறுமை, பெற்றோரின் பிணக்கு, குடி, மனநோய் எனப் பல ஆபத்துகள் ஒன்றுசேர்ந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளை அவர்கள் தனியாகக் கவனித்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் அக்கறையும் உள்ள திறமையான இளைஞர்களாக வளர்ந்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் வாழ்வில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று, பெற்றோர் இல்லாவிட்டாலும் அவர்களை உண்மையாக ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவராவது இருந்தது. பாட்டி, மாமா, அயலவர், சில நேரம் ஓர் ஆசிரியர். பிறக்கும் முன்னரே தந்தையையும் ஆறு வயதில் தாயையும் இழந்து, பாட்டனாரிடமும் பின்னர் அபூதாலிபிடமும் வளர்ந்த நபியின் (ஸல்) உம்மத்துக்கு இதை ஹவாயிலிருந்து ஆதாரம் காட்டி விளக்க வேண்டியிருப்பது கொஞ்சம் விசித்திரம்தான்.

என் வகுப்பிலும் அப்படித்தான். உம்மா வெளிநாட்டில் இருந்தும் நன்றாகப் படித்து, சிரித்துப் பேசித் திரியும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். கிட்டப்போய் விசாரித்தால் ஒரு சாச்சி இருப்பார், அல்லது பள்ளிவாசலில் அவனோடு அக்கறையாகப் பேசும் ஒரு ஹஸரத் இருப்பார், அல்லது கிரிக்கெட் பழக்கும் ஒரு காக்கா இருப்பார்.

அதனால் வெளிநாடு போக இருக்கும் பெற்றோரிடம் நான் போகாதீர்கள் என்று சொல்வதில்லை. அரிசி விலை தெரிந்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். போவதற்கு முன்னர் பிள்ளையோடு உட்கார்ந்து, ஏன் போகிறேன், எப்போது வருவேன், யாரிடம் என்ன கேட்கலாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள் என்கிறேன். பிள்ளை தூங்கும்போது விமானம் ஏறிய உம்மாக்களை எனக்குத் தெரியும். அழுவான் என்று பயந்து அப்படிச் செய்கிறார்கள். அந்தப் பிள்ளை பல வருடம் கழித்தும் அந்தக் காலையைத்தான் பேசுகிறது. போவதற்கு முன்னர் வகுப்பாசிரியரையும் ஒருமுறை சந்தியுங்கள். பொறுப்பாளரின் தொலைபேசி இலக்கத்தை மட்டும் தராமல், உங்கள் வட்ஸ்அப் இலக்கத்தையும் தாருங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு ஜித்தாவிலிருந்தும் தோஹாவிலிருந்தும் இன்று வர முடியும், போன் இருந்தால் போதும்.

பாடசாலைகளில் ஆலோசனை வழிகாட்டலுக்கென ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் அவருக்கும் முழு நேர அட்டவணை போட்டுவிடுகிறார்கள். பிள்ளை அழுதுகொண்டு வரும்போது அவர் தரம் 7க்குக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருப்பார். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் மதிலுக்கும் மண்டபத்துக்கும் பணம் திரட்டுவதில் காட்டும் ஊக்கத்தில் கொஞ்சத்தை இதற்கும் காட்டலாம். கதவு மூடக்கூடிய ஒரு சிறிய அறையும் வாரத்தில் சில பாடவேளைகளும் போதும். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். தேசிய மனநல உதவிச் சேவையின் இலக்கம் 1926. சிறுவர்களுக்கு ஏதும் அநியாயம் நடந்தால் 1929. இந்த இரண்டு இலக்கங்களையும் நான் வகுப்பறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கையில் கீறல்களோடு இருந்த மாணவியை அவளுடைய உம்மாவோடு சேர்த்து ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். முதல் நாள் முகத்தை மூடிக்கொண்டு போனார்கள். ஐந்தாவது தடவை தாங்களாகவே போனார்கள். தாபரிப்புப் பணத்தை வாங்கும் வேலை இப்போது அவளுடைய மாமாவிடம்.

தூங்கிய மாணவனின் விடயத்தில் நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மூத்தம்மாவிடம் அவனுடைய உம்மாவின் இலக்கத்தை வாங்கி நிலைமையைச் சொன்னேன். அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்தார், பிறகு ஒரு வழி அவரே சொன்னார். இரவில் வேலை முடிந்ததும் தான் குரல் பதிவு அனுப்புவதாகவும், அவன் சுபஹுக்கு எழும்பிக் கேட்டுவிட்டுப் பதில் அனுப்பட்டும் என்றும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நேரடியாகப் பேசினார்கள். முதல் பாடவேளையில் அவன் விழித்திருக்கத் தொடங்கினான். வெளியே நிற்க வைத்ததற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்றான், முகத்தைப் பார்க்கவில்லை.

சாதாரண தரத்தில் ஆறு பாடங்களில் சித்தியடைந்தான், கணிதம் சரிவரவில்லை. இரண்டாம் தடவை எழுதித் தேறி, இப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படிக்கிறான். உம்மா ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டியிருக்கிறார். ராத்தாவின் வீடு லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது, கூரை இன்னும் போடவில்லை.